மானை நெருங்கும் மௌனம்: அரபு, தமிழ் மரபுகளில் வேட்டையும் அறமும்

அரபுக் கல்லூரிகளில் உஸூலுல் ஃபிக்ஹு பயிலும் மாணவர்கள் ‘ஸத்துத் தராயிஃ’ என்னும் விதியைக் கட்டாயம் படிக்கின்றனர். தன்னளவில் ஆகுமான ஒரு செயல், ஆகாத ஒன்றுக்கு வழியாக அமையுமானால் அந்த வழியையே அடைத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். மாலிக்கி மத்ஹபினர் இவ்விதியை விரிவாகக் கையாண்டனர். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) தமது ‘இஃலாமுல் முவக்கியீன்’ நூலில் இதற்கு 99 எடுத்துக்காட்டுகளை அடுக்கிக் காட்டினார். ‘தராயிஃ’ என்பது ‘தரீஆ’ என்ற சொல்லின் பன்மை. வழி, சாதனம் என்று அதற்குப் பொருள் கூறிவிட்டு நாம் மேலே சென்றுவிடுகிறோம். அச்சொல் வேட்டைக்களத்தில் பிறந்தது என்பதை நின்று நோக்குவதில்லை.

இப்னு மன்ழூர் (மறைவு ஹிஜ்ரி 711) தொகுத்த ‘லிஸானுல் அரப்’ பேரகராதி தரும் விளக்கம் இது: தரீஆ என்பது ஓர் ஒட்டகம். வேட்டைக்காரன் அதனை முதலில் காட்டு விலங்குகள் மேயும் இடத்தில் அவிழ்த்து விடுவான். நாள்கள் செல்லச் செல்ல அவ்விலங்குகள் அதனோடு பழகிவிடும். பின்னர் அவன் அந்த ஒட்டகத்தின் பக்கவாட்டில் தன் உடலை மறைத்துக்கொண்டு, அது நடக்கத் தானும் நடந்து, அம்பு எட்டும் தொலைவை அடைவான். விலங்கின் கண்ணுக்குப் பழகிய ஒட்டகம் தெரியுமேயன்றி மனிதன் தெரியமாட்டான். இலக்கை அடையத் துணைபுரிந்த அந்த ஒட்டகத்தின் பெயரே பின்னாளில், இலக்கை அடையத் துணைபுரியும் எதற்கும் பெயராயிற்று.

மறைந்து நெருங்கும் தந்திரத்தைக் குறித்த ஒரு சொல், தந்திரங்களின் வாயிலை அடைக்கும் சட்டவிதியின் பெயராக மாறியிருக்கிறது. இம்மாற்றம் நம் சிந்தனைக்குரியது. மானை வேட்டையாடுபவனுக்கு மறைவே முதல் ஆயுதம். மறைவின்றி வில்லும் இல்லை, வேலும் இல்லை. ஆனால் மறைவும் ஏமாற்றும் அறத்திற்குப் பகையானவை என்று நம் மார்க்கம் போதிக்கிறது. அப்படியிருக்க, வேட்டையை ஆகுமாக்கிய மார்க்கம் வேட்டைக்காரனின் மௌன நடையை எவ்வாறு நோக்கியது? தமிழ் மண்ணில் அந்நடை எவ்வாறு அறியப்பட்டிருந்தது? இவ்விரண்டும் நம் இலக்கியத்தில் எங்கே சந்தித்தன? இவையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினாக்கள்.

பாலையின் பதுங்குகுழி

அறியாமைக் காலத்து அரபுக் கவிஞர்களின் கஸீதாக்களில் நீர்நிலை ஓரத்துக் காட்சி ஒன்று மீண்டும் மீண்டும் வரும். கோடையில் புல் காய்ந்தபின் காட்டுக் கழுதைகள் நெடுந்தொலைவு கடந்து இரவில் நீர் தேடி வருகின்றன. நீரருகே ஒரு வேட்டைக்காரன் குழி தோண்டிப் பதுங்கியிருக்கிறான். வறியவன், அவன் வீட்டில் பசித்த பிள்ளைகள் காத்திருக்கின்றனர். அம்பு நாணில் ஏறுகிறது. பெரும்பாலும் அது குறி தவறுகிறது; விலங்குகள் புழுதி கிளப்பி மறைகின்றன. அவ்ஸ் பின் ஹஜர், ஷம்மாஹ் ஆகியோர் இக்காட்சியைத் தீட்டுவதில் பெயர்பெற்றவர்கள்.

அந்தக் குழிக்கு ‘குத்ரா’ என்று பெயர். அதனுள் இருப்பவனுக்குப் பெரும் பகை அவன் உடலின் வாடையே. விலங்கின் கண்ணை மறைப்பால் ஏமாற்றலாம். காதை அசையாமையால் ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்றுவது அரிது. ஆகவே அவன் குழிக்குள் ஒட்டக மயிரைப் புகைத்துத் தன் வாடையை அப்புகையில் கரைத்துவிடுவான். இப்படிச் செய்பவனுக்கென்றே அரபியில் ‘முதம்மிர்’ என்ற தனிச்சொல் இருக்கிறது. ஒரு மொழி தனக்கென ஒரு சொல்லை ஆக்கிக்கொள்ளும் அளவிற்கு அக்கலை நுட்பமாக வளர்ந்திருந்தது.

பதுங்குகுழிக்கு மற்றொரு பெயரும் உண்டு: ‘நாமூஸ்’. இச்சொல்லைக் கேட்டதும் நம் நினைவு வேறோரிடத்திற்குச் செல்லும். ஹிராக் குகையில் முதல் வஹ்யு இறங்கியபின் அண்ணல் நபி (ஸல்) அவர்களை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வரகா பின் நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். வந்தவர் மூஸா (அலை) அவர்களிடம் அனுப்பப்பட்ட அதே நாமூஸ்தான் என்று வரகா கூறினார். அங்கே நாமூஸ் என்பது ஜிப்ரயீல் (அலை) அவர்களைக் குறிக்கிறது. இது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். அரபு அகராதியாளர்களோ, நன்மையின் இரகசியத்தைக் காப்பவர் நாமூஸ், தீமையின் இரகசியத்தைக் காப்பவர் ஜாஸூஸ் என்று வேறுபடுத்துவர். வேட்டைக்காரனை மறைக்கும் குழியும், இறைச்செய்தியைக் காக்கும் வானவரும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதற்கு மறைவு என்ற பொதுப்பொருளே காரணம். மறைவு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. மறைவில் நிகழ்வதே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது.

கொல்லி மலைச்சாரலில்

இனி நம் மண்ணுக்கு வருவோம். காவிரியின் வடகரையிலுள்ள பரமத்தி வேலூர் இன்று வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் பெயர்பெற்ற ஊர். இப்பகுதியில் வேட்டுவர் என்ற பெயரிலேயே பழந்தொழிலின் நினைவைத் தாங்கிய குடியினர் நெடுங்காலமாக உழவர்களாக வாழ்கின்றனர். வாய்க்கால் பாய்ந்த வயல்களுக்கு வடகிழக்கே, நாமக்கல்லைக் கடந்தால், கொல்லிமலை எழுந்து நிற்கிறது. சங்க இலக்கியம் அறிந்த வேட்டைக்காரர்களுள் தலையாயவன் அந்த மலைக்குரியவன். அவனே வல்வில் ஓரி.

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் அவனைக் காட்டுகிறார். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்பது அப்பாடலின் செய்தி. புலவர் கூற்றின் மிகையை ஒதுக்கிவைத்து நோக்கினாலும் ஒன்று விளங்கும். காட்டில் ஒருவர் பின் ஒருவராக இத்தனை விலங்குகளும் தன்னை அறியாதிருக்கும் அளவிற்கு ஒரு மனிதன் அருகே சென்று நிற்க முடியும் என்று அக்காலத்தோர் நம்பினர். வில்லின் வலிமையைப் பாடும் அப்பாடல், சொல்லாமலேயே காலடியின் மென்மையையும் பாடுகிறது.

அப்பாடலில் நம்மை மேலும் ஈர்ப்பது அதன் பிற்பகுதி. காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் யாரென்று அறியாமலேயே பாணர்கள் அவனைப் பாடுகின்றனர். மன்னனுக்குரிய சொல் வாயில் வந்ததும், அது தன்னைக் குறிப்பதால் அவன் நாணி நிற்கிறான். பிறகு வேட்டையில் கிடைத்த மானின் இறைச்சியையும் தன் மலையில் விளைந்த பொன்னையும் அவர்களுக்கு வழங்குகிறான். ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக எண்ணப்படுவது வேட்டைத் திறனுக்காக அன்று. வேட்டையில் கிடைத்ததைப் பகிர்ந்ததற்காக. மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஆயினும் இன்றளவும் ஆடி மாதத்தில் கொல்லிமலைச் செம்மேட்டில் தமிழக அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது.

மௌன நடை என்பது கால்களை மட்டும் பொறுத்ததன்று. மலைச்சாரலில் காற்று நாள் முழுவதும் ஒரே திசையில் வீசுவதில்லை. இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று சரிவில் கீழிறங்கும். வெயில் ஏறியதும் சூடேறிய காற்று மேலே எழும். ஆகவே விடியுமுன் செல்பவன் கீழிருந்து மேலே ஏற வேண்டும். வெயிலேறியபின் செல்பவன் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். மாறிச் சென்றால் அவனுக்கு முன்பே அவன் வாடை மானிடம் சென்றுசேரும். மேயும் மான் இடையிடையே தலை தூக்கிப் பார்க்கும். தலை குனிந்திருக்கும் வேளையில் அடி எடுத்துவைத்து, நிமிரும்போது கல்லாய் நின்றுவிட வேண்டும். ஐயம் கொண்ட புள்ளிமான் முன்காலைத் தரையில் தட்டும். மரத்திலிருக்கும் குரங்கு அதற்குக் காவலாய்க் குரலெழுப்பும். ஒரு மானை நெருங்குவது என்பது காட்டில் உள்ள எல்லாக் கண்களையும் கடந்து நெருங்குவதாகும்.

எல்லாவற்றிலும் பெரிய பகை சருகு. நம் காடுகளில் வாழும் மிகச் சிறிய மானுக்குச் சருகுமான் என்றே பெயர் வைத்திருக்கிறோம். கோடையில் உலர்ந்த இலை ஒன்று நொறுங்கினால் போதும், நாழிகைக் கணக்கான உழைப்பு வீணாகும். ஆதலால்தான் பரணில் இருந்து வேட்டையாடுவோர் பரணுக்குச் செல்லும் தடத்தில் சருகை முன்கூட்டியே விலக்கி வைப்பர். பரணில் அமர்வது எளிது. அமர்ந்திருப்பதை மான் அறியாவண்ணம் பரண்வரை செல்வதே கலை.

தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, எயினர் என்னும் வேட்டுவரின் வாழ்வை அருகிருந்து கண்டதுபோல் காட்டுகிறது. மானின் குளம்படிகள் பதிந்த வழிகளின் ஓரத்தில், மழையற்ற காலத்தில் நீருக்காகத் தோண்டப்பட்ட குழிகளில் அவர்கள் நள்ளிரவில் ஒடுங்கியிருந்து பன்றியின் வரவை எதிர்பார்த்திருப்பர். இரவு வேட்டை வாய்க்காவிடில் பகலில் நாய்களோடு புதர்களைக் கலைத்து முயல் பிடிப்பர். அவர்தம் குடிசை முற்றத்து விளாமரத்தில் ‘பார்வை’ கட்டப்பட்டிருக்கும். பார்வை என்பது காட்டு மான்களை ஈர்ப்பதற்காகப் பழக்கிய மான். அரபியரின் குத்ராவும் எயினரின் குழியும் ஒன்றே. அரபியரின் தரீஆ ஒட்டகமும் எயினரின் பார்வை மானும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். இரண்டிலும் விலங்கின் நம்பிக்கையே கண்ணியாகிறது.

இந்த ஒற்றுமையில் அறவினா ஒன்று ஒளிந்திருப்பதை வள்ளுவர் கண்டார். தவவேடத்தில் மறைந்து தீமை செய்பவனுக்கு அவர் காட்டும் உவமை, புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேட்டுவன் (குறள் 274). வேட்டுவனின் மறைவு அங்கே போலித் துறவின் படிமமாகிவிட்டது. தமிழில் ‘ஒளி’ என்ற ஒரு சொல்லே மறைதலையும் வெளிச்சத்தையும் குறிக்கிறது. மறைந்திருப்பவன் எந்த வெளிச்சத்தின்முன் மறைந்திருக்கிறான் என்பதே கேள்வி.

மறைவில் ஒரு சோதனை

இக்கேள்விக்குத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதா நேரடியான விடை தருகிறது. வேட்டைச் சட்டங்களை அதிகமாகக் கூறும் அத்தியாயம் அது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை விலங்குகள் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்றும், அவற்றை ஏவும்போது அல்லாஹ்வின் பெயரைக் கூற வேண்டும் என்றும் நான்காம் வசனம் கற்பிக்கிறது. இஹ்ராம் நிலையில் தரைவேட்டை கூடாது என்பதை 95, 96ஆம் வசனங்கள் விதிக்கின்றன.

இவற்றுக்கு முன்னே நிற்கும் 94ஆம் வசனமே நம் பொருளின் மையம். கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகளை வரச்செய்து அல்லாஹ் நம்பிக்கையாளர்களைச் சோதிப்பான். மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்பது வெளிப்படுவதற்காகவே அச்சோதனை என்பது அதன் கருத்து. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யாப் பயணத்தில் இது நிகழ்ந்ததாக விளக்கவுரையாளர்கள் கூறுவர். இஹ்ராம் அணிந்த கூட்டத்தின் நடுவே பிராணிகள் தாமாக வந்து நெருங்கின. பதுங்கவும் வேண்டியதில்லை, காற்றின் திசை பார்க்கவும் வேண்டியதில்லை, கை நீட்டினால் போதும். நீட்டக்கூடாது.

வேட்டைக்காரனின் முழுக்கலையும் தன்னை எவரும் காணாதபடி செய்துகொள்வதில் இருக்கிறது. இவ்வசனம் அந்தக் கலை முடியும் இடத்தைக் காட்டுகிறது. மானின் கண்ணிலிருந்து மறையலாம். ஊரார் கண்ணிலிருந்தும் மறையலாம். மறைவானவற்றை அறிந்தவனிடமிருந்து மறைய இயலாது. காட்டில் தனித்து நிற்கும் வேட்டைக்காரனைவிட இச்சோதனைக்குப் பொருத்தமான ஆள் வேறு யார்? ஆகவேதான் மார்க்கம் மறைவைத் தடுக்காமல், மறைவில் இருப்பவனின் பொறுப்பை வரையறுத்தது என்று நாம் கருதுகிறோம்.

அதே ஹுதைபிய்யா ஆண்டில் அபூகத்தாதா (ரலி) அவர்களுக்கு நேர்ந்தது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. தோழர்கள் இஹ்ராமில் இருந்தனர். அவர் மட்டும் இஹ்ராமில் இல்லை. தோழர்கள் ஒரு காட்டுக் கழுதையைக் கண்டனர். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களே தவிர, அவரிடம் வாய் திறக்கவில்லை. அவர் தாமாகவே அதனைக் கண்டு குதிரையேறினார். தவறவிட்ட சாட்டையை எடுத்துத் தரும்படி கேட்டபோதும் தோழர்கள் மறுத்துவிட்டனர். அவர் வேட்டையாடிக் கொண்டுவந்ததைச் சிலர் உண்டனர். பின்னர் ஐயம் கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வினவினர். உங்களில் எவரேனும் அவரை ஏவினீர்களா, அதனைச் சுட்டிக்காட்டினீர்களா என்று நபிகளார் கேட்டார்கள். இல்லை என்றதும், எஞ்சியதை உண்ண அனுமதித்தார்கள்.

ஒரு விரலசைவும் கணக்கில் வருகிறது என்பதே இந்நிகழ்ச்சியின் பாடம். இதனடிப்படையிலேயே, இஹ்ராமில் இருப்பவர் வேட்டைப் பிராணியைப் பிறருக்குச் சுட்டிக்காட்டி அது கொல்லப்பட்டால் அவர்மீதும் ஈடு கடமையாகும் என்று ஹனஃபி அறிஞர்கள் வகுத்தனர். ஈட்டை நேர்மையான இருவர் தீர்மானிக்க வேண்டும் என்பது 95ஆம் வசனத்தின் கட்டளை. ஒரு மானுக்கு ஓர் ஆடு என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் பதிவுசெய்துள்ளார்கள். இஹ்ராமில் மானைக் கொன்றுவிட்ட ஒருவர் வழக்கைக் கொண்டுவந்தபோது கலீஃபா தாமே தீர்ப்புக் கூறாமல் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களையும் அருகழைத்துக்கொண்டார்கள். ஒரு மானுக்குத் தீர்ப்புச் சொல்லக் கலீஃபாவுக்கும் இன்னொருவர் துணை வேண்டியிருக்கிறதே என்று வந்தவர் வியந்தார். அவர் மாயிதா அத்தியாயத்தை ஓதியதில்லை என்பதை உமர் (ரலி) அவர்கள் உணர்த்தினார்கள்.

இஹ்ராமுக்கு வெளியே வேட்டையாடுபவனுக்கும் கட்டுப்பாடுகள் உள. அம்பை விடும் நொடியில் அவன் பிஸ்மில்லாஹ் கூற வேண்டும். கொங்கு நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படி, வேண்டுமென்றே அதனை விட்டுவிட்டால் அப்பிராணி ஆகாது; மறந்துவிட்டால் குற்றமில்லை. கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாஃபி மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத். மத்ஹபுகள் வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றே. விடியலிலிருந்து ஓசையின்றி நடந்தவன், மூச்சையும் அடக்கிக் காத்திருந்தவன், கடைசி நொடியில் தன் மௌனத்தை இறைவனின் பெயரால் முடிக்கிறான். அந்த உயிர் தனக்குரியதன்று. உரியவன் பெயரால், அவன் இசைவோடு எடுத்துக்கொள்கிறேன் என்ற ஒப்புதல் அது.

அம்பு பட்டபின்னும் பொறுப்பு நீங்காது. காயமுற்ற பிராணி ஓடி மறைந்தால் அதனைத் தேடாமல் உட்கார்ந்துவிட்டவனுக்கு, பின்னர் இறந்து கிடக்கக் கண்டாலும் அது ஆகாது என்பது ஹனஃபி நூல்களின் தீர்ப்பு. அது நீரில் விழுந்து இறந்திருந்தால், கொன்றது அம்பா நீரா என்பது தெரியாதாகையால் உண்ணலாகாது என்று அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபிகளார் கற்பித்தார்கள். உயிருள்ள எதனையும் அம்பெய்து பழகும் குறியாக்குவதையும் தடுத்தார்கள். உணவுத் தேவையின்றி வீண் விளையாட்டாகக் கொல்வதை ஃபிக்ஹு அறிஞர்கள் வெறுத்துரைத்தனர்.

நிழலில் உறங்கிய மான்

முவத்தாவிலும் நஸாயியிலும் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சியை இங்கே தனித்து நோக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து மக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார்கள். உஸாயா என்னுமிடத்தில் ஒரு மான் நிழலில் சுருண்டு கிடந்தது. அதன் உடலில் யாரோ எய்த அம்பு ஒன்று தைத்திருந்தது. கூட்டம் முழுவதும் கடந்து செல்லும்வரை அதன் அருகே நின்று, எவரும் அதனைக் கலவரப்படுத்தாமல் காக்கும்படி நபிகளார் ஒருவரைப் பணித்தார்கள்.

அரபு மூலத்தில் அந்த மானுக்கு ‘ஹாகிஃப்’ என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. உடலை வளைத்துத் தலை சாய்த்துக் கிடப்பது என்று பொருள். வளைந்த மணற்குன்றுகளைக் குறிக்கும் ‘அஹ்காஃப்’ இதே வேரில் பிறந்தது. கலவரப்படுத்துவதைக் குறிக்கும் சொல்லோ ‘ரைப்’ என்ற வேருக்குரியது. அல்பகராவின் தொடக்கத்தில் இவ்வேதத்தில் ஐயமில்லை என்று கூறும் இடத்தில் வரும் சொல் அதுவே. உள்ளத்தின் அமைதியைக் குலைப்பது எதுவோ அது ரைப். மனித உள்ளத்தின் கலக்கத்திற்கு வழங்கும் சொல்லே ஒரு மானின் கலக்கத்திற்கும் வழங்கப்பட்டிருக்கிறது.

மானருகே ஓசையின்றிச் செல்லும் கலையை வேட்டைக்காரன் கொல்வதற்காகப் பயின்றான். உஸாயாவில் ஒரு பயணக் கூட்டமே ஒரு மானைக் கலைக்காமல் கடந்து சென்றது. நடை ஒன்றுதான், நோக்கம் வேறு.

இது தனி நிகழ்ச்சியன்று. மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டக்கூடாது என்பது நபிமொழி. விரட்டுதல் என்றால் என்ன என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவர் இக்ரிமா (ரஹ்) விளக்கினார்கள்: நிழலில் நிற்கும் பிராணியை அப்புறப்படுத்திவிட்டு நீ அந்த நிழலில் தங்குவது. பாலையில் நிழலின் அருமை அறிந்தவர்களுக்கே இவ்விளக்கத்தின் ஆழம் புரியும். மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை நான் திடுக்கிடச் செய்யமாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

அரசர்களின் மான்கள்

நம் நாட்டு முஸ்லிம் அரசர்களின் வேட்டை இவ்வறத்திற்கு எப்போதும் இசைந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. முகலாயர் வேட்டை பெரும்பாலும் அரச ஆரவாரம். ஆயினும் அங்கேயும் பார்வை மானை நாம் சந்திக்கிறோம். பழக்கிய மானின் கொம்புகளில் வலையைச் சுற்றிக் காட்டு மான்களிடையே விடுவதையும், சண்டையிட வரும் மானின் கொம்பு அதில் சிக்குவதையும் அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் விவரிக்கிறார். எயினர் முற்றத்து விளாமரத்தடியில் நின்ற மான், அக்பரின் கொட்டிலிலும் நின்றது.

ஜஹாங்கீரிடம் ‘மன்ஸ்ராஜ்’ என்ற அத்தகைய மான் இருந்தது. பழக்கிய மான்களோடு பொருவதிலும் காட்டு மான்களை வேட்டையாடித் தருவதிலும் அதற்கு இணையில்லை. அது இறந்தபோது அடக்கம் செய்த இடத்தில் 1606ஆம் ஆண்டளவில் ஒரு கோபுரம் எழுப்பினார். லாகூருக்கு அருகில் ஷேகுபுராவில் உள்ள ஹிரன் மினார் அது. அவ்வெளியில் எவரும் மான் வேட்டையாடக் கூடாது என்றும் ஆணையிட்டார். தன் இனத்தைக் காட்டிக்கொடுக்கப் பழக்கப்பட்ட ஒரு மானின் கல்லறை, அவ்வினத்திற்குப் புகலிடமாயிற்று. ஐம்பது வயதையொட்டி, பேரன் ஷுஜா நோயுற்ற வேளையில், இனித் தம் கையால் எவ்வுயிரையும் கொல்வதில்லை என்று அவர் நேர்ந்துகொண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் அந்த நேர்ச்சை நீடிக்கவில்லை. ஆயினும் வேட்டையிலேயே வாழ்ந்த ஓர் அரசரின் உள்ளத்தில் அந்த உறுத்தல் எழுந்தது வரலாறு.

பிணை நின்ற பெருமை

அரபு மரபும் தமிழ் மரபும் இப்பொருளில் முழுமையாகச் சந்தித்த இடம் உமறுப் புலவரின் சீறாப்புராணம். வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலாலும், பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவாலும் உருவாகிய இக்காப்பியம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்களைக் கொண்டது. நுபுவ்வத்துக் காண்டத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ இடம்பெறுகிறது.

வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறான். நபிகளார் அவ்விடம் வருகிறார்கள். மான் பேசுகிறது: கன்றைப் பிரிந்து வந்தேன்; பாலூட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன். காட்டுக்குச் சென்ற மான் திரும்புமா என்று வேடன் நகைக்கிறான். நபிகளார் தாமே அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சென்று கன்றுக்குப் பாலூட்டி, கன்றோடும் திரும்பி வருகிறது. வேடன் உள்ளம் மாறி இஸ்லாத்தை ஏற்கிறான்.

மான் பேசிய இச்செய்தி பைஹகி, அபூநுஐம் முதலியோரின் தலாயில் நூல்களில் காணப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர்களில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆதலால் சட்டத்திற்கோ கொள்கைக்கோ நாம் அதனை ஆதாரமாகக் கொள்வதில்லை. காப்பியம் அச்செய்தியை எவ்வாறு தமிழாக்கிக்கொண்டது என்பதே இங்கு நம் ஆய்வுக்குரியது.

தமிழில் ‘பிணை’ என்ற சொல்லுக்குப் பெண்மான் என்றும் பொருள். ஒருவருக்காக ஏற்கும் பொறுப்பு என்றும் பொருள். கட்டு என்றும் பொருள். கட்டுண்ட பிணைக்காக நபிகளார் பிணை நின்றார்கள். அரபியில் இந்நயம் பிறக்க வழியில்லை. தமிழ் இயல்பாகவே தந்த நயம் இது. அரபு நாட்டு மலையைக் குறிஞ்சி நிலமாக வருணிக்கும் உமறு, சங்க இலக்கியத்து வேட்டுவனையே அங்கே நிறுத்துகிறார். ஆனால் கதையின் போக்கைக் கவனிக்க வேண்டும். எயினரும் அரபியரும் மானின் நம்பிக்கையைக் கண்ணியாக்கினர். இங்கே மான்மீது ஒருவர் நம்பிக்கை வைக்கிறார். அந்நம்பிக்கையை மான் காப்பாற்றுகிறது. எந்தக் கண்ணும் காணாத காட்டுக்குள் சென்ற மான், வாக்குக்காகத் திரும்பி வருகிறது. மறைவில் அஞ்சுபவர் யார் என்ற மாயிதாவின் சோதனையில் ஒரு மான் தேறிவிட்டது. வேடனை மாற்றியதும் அதுவே.

இன்றைய நிலை

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். தமிழகத்தில் நாகூர்ப் பக்கம் செல்வோர் கோடிக்கரையிலும், திருநெல்வேலி – தூத்துக்குடிச் சாலையில் செல்வோர் வல்லநாட்டிலும் வெளிமான்களுக்கென அமைந்த புகலிடங்களைக் காணலாம். கோடிக்கரை 1967இலும் வல்லநாடு 1987இலும் சரணாலயங்களாயின. நம்மில் சிலர், வேட்டையை மார்க்கம் ஆகுமாக்கியிருக்கையில் அரசு எவ்வாறு தடுக்கலாம் என்று வினவுவதுண்டு. ஆகுமானது வேறு, கடமையானது வேறு. ஆகுமான ஒன்று கேட்டிற்கு வழியாகும்போது அவ்வழியை அடைப்பது நம் சட்டவியலுக்குப் புதியதன்று. காடு சுருங்கி, மான் குறைந்து, இரவில் வாகன விளக்கொளியால் மானின் கண்ணைக் கூசச்செய்து துப்பாக்கியால் சுடும் காலத்தில், வேட்டைக்களத்தில் பிறந்த ‘தரீஆ’ என்ற சொல் தான் பிறந்த இடத்திற்கே சட்டமாகத் திரும்பி வந்திருக்கிறது. மக்காவிலும் மதீனாவிலும் மானுக்கு எல்லை வகுத்துக் காத்த சமுதாயம், கோடிக்கரையின் எல்லையை மதிப்பதில் எவர்க்கும் பின்தங்கலாகாது.

மௌன நடையின் தேவையும் மறைந்துவிடவில்லை. மான்களைக் கணக்கெடுக்கும் வனத்துறையினரும், பிள்ளைகளை அழைத்துச் சென்று மான் காட்ட விரும்பும் பெற்றோரும் ஓரி அறிந்திருந்த அதே கலையைக் கற்றாக வேண்டும்: காற்றின் திசை அறிதல், சருகை மிதியாமை, மான் தலை நிமிரும்போது நின்றுவிடுதல். கொல்லும் நோக்கம் விலகியபின் அக்கலையில் எஞ்சுவது கவனமும் அடக்கமுமே. அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 63ஆம் வசனம் அருளாளனின் அடியார்களுக்கு முதலாவதாகக் கூறும் அடையாளம், அவர்கள் பூமியில் பணிவுடன் மெல்ல நடப்பார்கள் என்பதாகும்.